18,900 வெள்ளணுக்கள், மெத்தென்ற வயிறு: ஸ்டீராய்டும் ஒட்டுமூலக்கூறுகளும்

ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வெள்ளணு எண்ணிக்கை எகிறினால் வார்டில் இரண்டு குரல்கள் கேட்கும். "இன்ஃபெக்‌ஷன் இருக்கு, ஆன்டிபயாட்டிக் போட்டுடலாம்" என்பது ஒன்று. "அது ஸ்டீராய்டு கவுன்ட்தான், விடுங்க" என்பது மற்றொன்று. இந்த நிகழ்வில் முதல் குரல் நான்காம் நாளிலும், இரண்டாவது குரல் ஐந்தாவது வாரத்திலும் கேட்டது. மாறிக் கேட்டிருந்தால் இரண்டுமே சரியாக இருந்திருக்கும்.

கீழே வருவது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. ஸ்டீராய்டு சிகிச்சையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளைக் கோர்த்து, கற்பிப்பதற்காக அமைத்தது. எண்கள் அப்படிப்பட்ட நிலைமைகளில் பார்க்கக்கூடிய அளவுகளுக்குள் இருப்பவை.

முதல் கவுன்ட்

64 வயதுப் பெண். ஒரு மாதமாக இடது நெற்றிப்பொட்டில் தலைவலி, சீப்பு பட்டாலே வலி, மென்று சாப்பிடும்போது தாடை களைத்துப்போதல். பார்வையில் குறை இல்லை. அழற்சியைக் காட்டும் அளவுகளான ஈ.எஸ்.ஆர். 92, சி.ஆர்.பி. லிட்டருக்கு 78 மி.கி., பிளேட்லெட் 4,60,000. நெற்றிப்பொட்டுத் தமனியின் பயாப்ஸியில் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் (தமனிச் சுவரில் வரும் அழற்சி நோய்) உறுதியானது. பயாப்ஸி முடிவுக்குக் காத்திராமலே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளைக்கு 60 மி.கி. தொடங்கியாயிற்று. கண் போய்விடும் அபாயம் உள்ள நோயில் யாரும் காத்திருப்பதில்லை.

மாத்திரைக்கு முன் வெள்ளணுக்கள் 8,900. அவற்றின் வகைகளில் நியூட்ரோஃபில் 66%, லிம்போசைட் 24%, மோனோசைட் 7%, ஈசினோஃபில் 3%. நான்காம் நாள் 17,600. நியூட்ரோஃபில் 86%, லிம்போசைட் 9%, மோனோசைட் 5%, ஈசினோஃபில் பூஜ்யம். காய்ச்சல் இல்லை, தலைவலி போய்விட்டது, பசி பிரமாதம். சிறுநீரில் சில சீழ் செல்கள் தெரிந்ததால், இரவுப் பணியில் இருந்தவர் செஃப்ட்ரையாக்சோன் தொடங்கிவிட்டார். மறுநாள் ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது பேண்ட் செல்கள் (முழுதாக முதிராத நியூட்ரோஃபில்கள்) 2%தான். எல்லாம் முதிர்ந்த, நன்றாக மடல் பிரிந்த நியூட்ரோஃபில்கள். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. ஆன்டிபயாட்டிக் நிறுத்தப்பட்டது. இரண்டாவது வாரம் சி.ஆர்.பி. 4, வெள்ளணுக்கள் 14,900.

சரி, நான்கு நாளில் ஒன்பதாயிரம் நியூட்ரோஃபில் எங்கிருந்து வந்தது?

சுவரோரம் இருந்தவை

ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழ பாதிதான் ஓட்டத்தோடு போகின்றன. மீதிப் பாதி சிறு நாளங்களின் சுவரோரம் ஒதுங்கி, மெல்ல உருண்டுகொண்டோ சற்று நேரம் தங்கியோ இருக்கின்றன. நாம் ஊசியில் இழுப்பது ஓட்டத்தில் இருப்பதை மட்டும். சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளெல்லாம் நடுச்சாலைக்கு வந்துவிட்டால் நெரிசல் கூடியதுபோலத் தெரியும். ஆனால் வண்டிகள் புதிதாக வந்துவிடவில்லை. ஸ்டீராய்டு கவுன்ட்டில் பெரும்பங்கு இப்படிப்பட்டது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கூடுதலாக வெளியேறுபவையும், ஸ்டீராய்டால் ஆயுள் நீண்ட நியூட்ரோஃபில்களும் மீதியைச் சேர்க்கின்றன. ஒரே டோஸ் கொடுத்தால் 4 முதல் 6 மணி நேரத்தில் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். தினமும் கொடுத்தால் உயர்ந்தே நிற்கும். 20,000 தாண்டுவதும் உண்டு, மிதமான டோஸிலும்கூட.

செல் சுவரோரம் ஒதுங்குவதும், அங்கிருந்து திசுவுக்குள் நுழைவதும் படிப்படியாக நடக்கும் காரியம். இதை நடத்துபவைதான் ஒட்டுமூலக்கூறுகள், அதாவது செல்கள் ஒன்றையொன்று பற்றும் புரதங்கள். முதல் பிடி அவற்றில் செலக்டின்களுடையது. வெள்ளணுவின் மேல் எல்-செலக்டின் இருக்கிறது. நாளத்தின் உட்சுவர் செல்களில் பி-செலக்டினும் இ-செலக்டினும் இருக்கின்றன. இவை பிடித்துப் பிடித்து விடும் பிடிகள், அதனால்தான் செல் உருள்கிறது. உருளும்போது சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன்கள் என்ற அழைப்புப் புரதங்கள் செல்லை உசுப்புகின்றன. உடனே அதன் மேல் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள், முக்கியமாக எல்.எஃப்.ஏ.-1, மேக்-1 இரண்டும், நிமிர்ந்து சுவரிலுள்ள ஐகேம்-1ஐ இறுகப் பற்றுகின்றன. செல் நின்றுவிடுகிறது. அப்புறம் தட்டையாகி, இரண்டு உட்சுவர் செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது. லிம்போசைட், ஈசினோஃபில் போன்றவற்றுக்கு இதே இடத்தில் வி.எல்.ஏ.-4 என்ற இன்டெக்ரினும் சுவரில் வீகேம்-1உம் சேர்ந்துகொள்ளும்.

இந்த வரிசையில் ஸ்டீராய்டு எங்கே கை வைக்கிறது? ஒரே இடத்தில் அல்ல. அதுதான் இந்த மருந்தின் பலம், தொல்லையும் அதுதான்.

முதலில் சுவர். ஸ்டீராய்டு செல்லுக்குள் போய், ஹெச்.எஸ்.பி.-90 புரதத்தோடு சேர்ந்து காத்திருக்கும் தன் ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி உட்கருவுக்குள் போய் என்.எஃப்.-கப்பா-பி, ஏ.பி.-1 ஆகிய தூண்டிகளின் வேலையைக் குறைக்கிறது. இ-செலக்டின், ஐகேம்-1 இரண்டின் மரபணுக்களும் அழற்சியில் இயங்குவது பெரிதும் இவற்றால்தான். 1992இல் வெளியான ஒரு ஆய்வகப் பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பாக்டீரிய எண்டோடாக்சின் பட்ட உட்சுவர் செல்களில் நியூட்ரோஃபில் ஒட்டுவது நான்கு மடங்கானது. கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால் அந்த உயர்வு வெகுவாகக் குறைந்தது. அதற்கு நானோமோலார் அளவே போதுமாக இருந்தது. ஸ்டீராய்டு ஏற்பியைத் தடுக்கும் ஆர்.யு.-486 கொடுத்தால் இந்த விளைவு முழுக்க மறைந்தது. அப்படியானால் மருந்து பேசியது ஏற்பி வழியாகத்தான்.

இங்கே ஒரு நேரக் கணக்கு உண்டு. பி-செலக்டின் உட்சுவர் செல்களில் ஏற்கெனவே பொதிந்து வைக்கப்பட்ட சரக்கு. தூண்டினால் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். இ-செலக்டினைப் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். ஐகேம்-1 இன்னும் மெதுவாக ஏறும். மரபணு வழியாக வேலை செய்யும் மருந்து கையிருப்பை உடனே தடுக்க முடியாது, உற்பத்தியைத்தான் தடுக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்ட அடுத்த நிமிடமே அழற்சி அடங்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுவே பெரும்பாலும் பதில்.

அடுத்து வெள்ளணு. ஸ்டீராய்டு கொடுத்த உடலிலிருந்து எடுத்த நியூட்ரோஃபில்களின் மேல் எல்-செலக்டின் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1990களில் மாடுகளில் இது விரிவாகப் பார்க்கப்பட்டது. கன்று ஈனும் சமயத்தில் பசுவின் உடலிலேயே கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு உயர்கிறது. அதே சமயத்தில் நியூட்ரோஃபில்களின் எல்-செலக்டின் இறங்குகிறது. மடிவீக்கம் அதிகம் வருவதும் அந்த நாட்களில்தான். டெக்சாமெத்தசோன் ஊசி போட்டாலும் எல்-செலக்டினும் இன்டெக்ரின்களின் பொதுத் துணையலகான சிடி18உம் இறங்கின. மனித நியூட்ரோஃபில்களில் இன்டெக்ரின் விஷயம் அவ்வளவு சீராக இல்லை. அதைத் தலைப்புச் செய்தியாக்க மாட்டேன்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நியூட்ரோஃபில்களைக் குழாயில் பிரித்தெடுத்து நேரடியாக டெக்சாமெத்தசோனில் ஊறவைத்தால், உடலுக்குள் பார்ப்பதுபோல எல்-செலக்டின் மளமளவென்று உதிர்வதில்லை. ஆகவே உடலுக்குள் தெரியும் வீழ்ச்சி, மஜ்ஜையில் முதிரும்போதே குறைவான எல்-செலக்டினோடு தயாராகி வரும் செல்களாலும், ஸ்டீராய்டு தூண்டிவிடும் வேறு இடைத்தூதர்களாலும் வருவதாகப் புரிந்துகொள்வதே பொருத்தம். அந்தத் தூதர்களில் முக்கியமானது அனெக்சின்-ஏ1. ஸ்டீராய்டு இதைக் கூட்டுகிறது. இது சுவரில் ஒட்டி நிற்கும் நியூட்ரோஃபிலைப் பிடியை விடச்செய்து மீண்டும் ஓட்டத்துக்கு அனுப்புகிறது.

சுவரோரக் கூட்டம் முழுவதும் ஒட்டுமூலக்கூறுகளால் நிற்பதாகவும் எண்ணிவிடக் கூடாது. நுரையீரலின் நுண்குழாய்கள் நியூட்ரோஃபிலைவிடக் குறுகலானவை. அங்கே செல் உருமாறி நசுங்கிப் போக வேண்டியிருப்பதாலேயே கூட்டம் சேர்கிறது. ஓடிவந்தவருக்கும் அட்ரினலின் ஏறியவருக்கும் சில நிமிடங்களிலேயே கவுன்ட் உயர்வது இதே சுவரோரக் கூட்டம் கலைவதால்தான். ஆனால் அது மணிக்கணக்கில் நிற்பதில்லை, ஈசினோஃபிலைத் துடைத்தெடுப்பதும் இல்லை.

ஈசினோஃபில் என்றதும் ஒரு சிறு விலகல். 1948இல் வந்த தார்ன் சோதனை, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோன் கொடுத்தபின் ஈசினோஃபில் எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணி அட்ரினல் சுரப்பியின் திறனை அளந்தது. கார்டிசாலை நேரடியாக அளக்க வசதி வந்தபின் அது மறைந்துவிட்டது. ஆனாலும் ஸ்டீராய்டு எடுப்பதாகச் சொல்லும் நோயாளி உண்மையில் மாத்திரை விழுங்குகிறாரா என்ற சந்தேகம் வந்தால், டிஃபரென்ஷியலில், அதாவது வெள்ளணு வகைகளின் பட்டியலில், ஈசினோஃபில் கட்டத்தை நான் இன்றும் பார்ப்பேன். நிரூபணம் இல்லை, ஒரு துப்பு.

லிம்போசைட்டுகளின் கதை நேரெதிர். ஸ்டீராய்டு கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தத்தில் அவை இறங்குகின்றன, டி செல்கள் பி செல்களைவிட அதிகமாக. பெரும்பாலானவை சாவதில்லை, மஜ்ஜை போன்ற இடங்களுக்குப் போய் ஒதுங்குகின்றன. மஜ்ஜைக்கு அழைக்கும் சமிக்ஞையைக் கேட்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.-4 ஏற்பியை ஸ்டீராய்டு டி செல்களில் கூட்டுவதும் ஒரு காரணம். ஆக, ஒரே மருந்து ஒரு வகைச் செல்லை ரத்தத்துக்குள் தள்ளுகிறது, இன்னொரு வகையை வெளியே இழுக்கிறது. அழற்சி உள்ள திசுவுக்கு மட்டும் இரண்டுமே குறைவாகத்தான் போய்ச் சேருகின்றன.

ஐந்தாவது வாரம்

பிரெட்னிசோலோன் 40 மி.கி.க்கு இறங்கியிருந்த சமயம். மறு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்தார். "வலின்னு சொல்ல முடியாது டாக்டர். வயிறு ஒரு மாதிரியா இருக்கு. நல்லா சாப்பிட்டுட்டு இருந்தேன், ரெண்டு நாளா சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கல" என்றார். ஸ்டீராய்டில் இருப்பவர் பசி போய்விட்டது என்று சொன்னால் காது நிமிர வேண்டும்.

வெப்பநிலை 37.4 டிகிரி. நாடித்துடிப்பு 104. ரத்த அழுத்தம் 118/70. வயிறு மெத்தென்றுதான் இருந்தது. இடது கீழ்ப்பக்கம் அழுத்தினால் முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். கையை எடுக்கும்போது வலி கூடவில்லை, தசை இறுகவில்லை. இருமச் சொன்னபோது மட்டும், கேட்காமலே அவர் கை அந்த இடத்துக்குப் போனது.

வெள்ளணுக்கள் 18,900. அங்கேதான் இரண்டாவது குரல்: "போன மாசமும் பதினேழாயிரம் இருந்துச்சே, ஸ்டீராய்டு கவுன்ட்தான்." மொத்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை.

தடவல் வேறு கதை சொன்னது. மொத்த நியூட்ரோஃபில் 91%; அதில் 14% பேண்ட் செல்கள். உட்கரு இன்னும் மடல் பிரியாமல் லாடம்போல வளைந்து கிடந்தது. சைட்டோபிளாசத்தில் கருநீலத் துகள்கள் (நச்சுத் துகள்கள் என்பவை) திரளாக, சில செல்களின் ஓரத்தில் வெளிர்நீலத் திட்டுகள், அதாவது டோலே உடல்கள். லிம்போசைட் 4%. இரண்டாவது வாரம் 4ஆக இருந்த சி.ஆர்.பி. இப்போது 64. லாக்டேட் 2.6. நிமிர்த்தி எடுத்த எக்ஸ்ரேயில் வலது உதரவிதானத்துக்குக் கீழே நூல்போல ஒரு காற்றுக்கோடு. சி.டி.யில் சிக்மாய்டு பெருங்குடலில் டைவர்ட்டிகுலங்கள் (சுவரில் பிதுங்கிய சிறு பைகள்), ஒன்றில் துளை, சுற்றிலும் காற்றுக்குமிழிகளும் திரவமும்.

ஸ்டீராய்டு மட்டுமே காரணமானால் முதிர்ந்த நியூட்ரோஃபில்தான் பெரும்பாலும் கூடும். பேண்ட் செல்கள் 6%ஐத் தாண்டுவதும் நச்சுத் துகள்கள் தெரிவதும் ஸ்டீராய்டால் மட்டும் வருவது அரிது என்று 1981இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. அந்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. சுவரோரம் இருந்தவை முதிர்ந்தவை. அவை கலைந்து வந்தால் தடவலில் முதிர்ந்தவைதான் தெரியும். மஜ்ஜை அவசர அவசரமாக இளசுகளை அனுப்பினால் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். 17,600க்கும் 18,900க்கும் உள்ள வித்தியாசம் மொத்தத்தில் இல்லை, அந்த 2%க்கும் 14%க்கும் நடுவில் இருந்தது.

அமைதிக்கும் அதே காரணம்

துளை விழுந்த குடலோடு வயிறு ஏன் மெத்தென்று இருந்தது? இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். வயிறு பலகைபோல இறுகுவதற்கு வயிற்றறைச் சவ்வில் அழற்சி மூள வேண்டும். அழற்சி மூள நியூட்ரோஃபில்கள் நாளத்தை விட்டு அங்கே வந்தாக வேண்டும், வந்தவை மேலும் ஆட்களை அழைக்க வேண்டும். எந்த மாற்றம் நான்காம் நாள் கவுன்ட்டை உயர்த்தியதோ, அதே மாற்றம்தான் ஐந்தாவது வாரம் வயிற்றை அமைதியாக வைத்தது. நாம் ரத்தத்தில் எண்ணும் ஒவ்வொரு கூடுதல் நியூட்ரோஃபிலும் திசுவுக்குப் போகாமல் நின்ற ஒன்று என்று சொன்னால் சற்று மிகை, திசை சரி. புராஸ்டாகிளாண்டின் குறைவதால் வலியும் காய்ச்சலும் மங்குவது இதற்கு மேல் இன்னொரு போர்வை.

இயற்கையே நடத்திக்காட்டும் ஒரு சோதனை இதற்குச் சான்று. சிடி18 மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. லுகோசைட் அடீஷன் டெஃபிஷியன்சி, முதல் வகை. இவர்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மலைபோலக் குவிந்திருக்கும். ஆனால் தொப்புள்கொடி விழத் தாமதமாகும், புண்ணில் சீழ் பிடிக்காது, தொற்று மேல் தொற்று வரும். கவுன்ட் உயர்வும் சீழ் இல்லாமையும் ஒரே பழுதின் இரண்டு பக்கங்கள். அதிக டோஸ் ஸ்டீராய்டில் இருப்பவரை இதன் லேசான, தற்காலிகமான நகல் என்று நினைத்துக்கொண்டால் படுக்கையருகே முடிவெடுக்க எளிது. நகல் என்பதைவிட மேலே போகக் கூடாது. ஸ்டீராய்டில் இன்டெக்ரின்கள் இருக்கின்றன. பிடிமானம் குறைகிறது, அற்றுப்போவதில்லை. இவருக்கும் அறுவை சிகிச்சையில் கலங்கிய திரவம் இருந்தது. நியூட்ரோஃபில்கள் போய்ச் சேராமல் இல்லை. தாமதமாகவும் குறைவாகவும் போயின என்பதே என் வாசிப்பு. ஒரு நோயாளியின் திசுத்துண்டை வைத்து இதை நிரூபித்துவிட முடியாது.

மனிதத் தோலை லேசாகச் சுரண்டி, மேலே கண்ணாடித் துண்டு வைத்து, வந்து சேரும் செல்களை எண்ணும் பழைய ஸ்கின் விண்டோ முறை இதற்கு நேரடியான சான்று தந்தது. தினசரி ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் கண்ணாடிக்கு வந்த செல்கள் குறைந்தன. 1974இல் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரெட்னிசோன் எடுத்தவர்களைப் பார்த்தபோது, மருந்தில்லாத நாளில் செல்களின் வருகை பழையபடி இருந்தது. ஒன்றுவிட்ட நாள் முறையில் தொற்று குறைவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது. ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸில் அந்த முறை நோயைச் சரியாக அடக்காது என்பதால் இவருக்கு அந்த வழி இல்லை.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களின் மேலுள்ள புரதங்களை அளக்கும் முறை) எல்-செலக்டினை அளந்து, தொற்றா ஸ்டீராய்டா என்று தீர்மானிக்க முடியாதா என்று இளம் மருத்துவர்கள் கேட்பார்கள். நாங்கள் செய்யவில்லை. தொற்றிலும் தூண்டப்பட்ட நியூட்ரோஃபில் தன் எல்-செலக்டினை ஏ.டி.ஏ.எம்.-17 என்ற நொதியால் வெட்டி உதிர்த்துவிடும். ஸ்டீராய்டிலும் அது குறைவு. போதாததற்கு, ரத்தக்குழாய் மேசையில் காத்திருந்தாலும் குளிர்ந்து சூடானாலும் எல்-செலக்டின் இறங்கி மேக்-1 ஏறும். ஆய்வகத்தில் அருமையான கருவி. படுக்கையருகே தடவலும் நாடியும் சி.டி.யும் போதும். பாக்டீரியத் தொற்றில் உயரும் புரோகால்சிட்டோனினை ஸ்டீராய்டு சி.ஆர்.பி. அளவுக்கு அமுக்குவதில்லை, ஆனால் ஓரிடத்தில் அடங்கிய தொற்றில் அது உயராமலும் இருக்கலாம்.

அதன் பிறகு

அன்றே அறுவை சிகிச்சை. சிக்மாய்டு பகுதியை எடுத்து மேல்முனையை வயிற்றுத்தோலுக்குக் கொண்டுவரும் ஹார்ட்மன் முறை. ஆன்டிபயாட்டிக்காகப் பிப்பராசிலின்-டாசோபாக்டம். ஐந்து வாரம் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் மயக்கமருந்தோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. தொற்று வந்துவிட்டதே என்று ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தலாமா என ஒருவர் கேட்டார். கூடாது. கண்ணும் போகும், ரத்த அழுத்தமும் விழும். காயம் மெதுவாக ஆறியது. தையல்களை வழக்கத்தைவிடத் தாமதமாகவே எடுத்தோம்.

அடுத்த சிக்கல், ஸ்டீராய்டை எதைக் கொண்டு குறைப்பது என்பது. ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸில் டோசிலிசுமாப் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது ஐ.எல்.-6 என்ற அழற்சித் தூதரைத் தடுப்பதால் சி.ஆர்.பி.யை அடியோடு அமுக்கிவிடும். டைவர்ட்டிகுலங்களில் துளை விழும் அபாயமும் அதன் எச்சரிக்கைப் பட்டியலில் உண்டு. இவரிடம் நம்மை எழுப்பியவற்றில் ஒன்று 64ஆக ஏறிய சி.ஆர்.பி. அதையும் அணைத்துவிட எனக்கு மனமில்லை. ஒட்டுமூலக்கூறுகளையே நேரடியாகக் குறிவைக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன. எல்.எஃப்.ஏ.-1இன் பகுதியான சிடி11ஏ-வைத் தடுத்த எஃபாலிசுமாப், மூளையைத் தாக்கும் பி.எம்.எல். தொற்றால் 2009இல் சந்தையை விட்டுப் போனது. ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நட்டாலிசுமாப் அதே ஆபத்தைக் கண்காணித்தபடி மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் தொடர்கிறது. இந்த நோய்க்கு அவை இல்லை. இவருக்கு, காயம் ஆறியபின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் தொடங்கினோம்.

வீட்டுக்குப் போகும்போது தந்த தாளில் காய்ச்சலுக்கான வரியை மாற்றி எழுதினோம். "38 டிகிரிக்கு மேல் போனால் வரவும்" என்பதற்குப் பதிலாக "காய்ச்சல் இல்லாவிட்டாலும், புதிதாக வயிற்றில் அசௌகரியமோ பசியின்மையோ இருந்தால் அன்றே வரவும்."

மூன்றாம் மாத முடிவில் பிரெட்னிசோலோன் 15 மி.கி. வெள்ளணுக்கள் 11,200, பேண்ட் செல்கள் 1%, சி.ஆர்.பி. 3. ஈசினோஃபில் கட்டத்தில் 1% என்று திரும்ப எட்டிப்பார்த்திருந்தது. குடலை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை, டோஸ் 10 மி.கி.க்குக் கீழே வந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று அறுவை சிகிச்சைக் குழுவோடு பேசி வைத்திருக்கிறோம்.